போய்ச் சேர்ந்தது பாடம் மட்டும்



கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 2017 மார்ச் மாதம் ஒரு முடிவெடுத்தது. பல ஆண்டுகளாக வகுப்பறைகளில் பதிவு செய்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கலாம் என்று இணையத்தில் போட்டுவைத்திருந்த 20,000க்கும் மேற்பட்ட ஒலி, காணொளிப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தது. காது கேளாதோருக்காக நடத்தப்படும் காலடெட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இருவர் கொடுத்த புகாரின் மேல் நடந்த ஆய்வின் முடிவு அது. பல காணொளிகளில் சப்டைட்டில் இல்லை, சிலவற்றில் இயந்திரம் தானாகப் போட்ட சப்டைட்டில் பிழை மலிந்து கிடக்கிறது, பாட ஆவணங்கள் பார்வையற்றோரின் திரைவாசிப்பான் மென்பொருளுக்குப் பிடிபடவில்லை என்று ஆய்வு கண்டது. சரிசெய்யுங்கள் என்றது நீதித்துறை. பல்கலைக்கழகம் பழைய பதிவுகளை எடுத்துவிட்டது.

அப்போது பலருக்கு எழுந்த கோபம் புகார் கொடுத்தவர்கள் மேல் பாய்ந்தது. இரண்டு பேருக்காக ஊருக்கே இல்லாமல் போயிற்றே என்றார்கள். அந்தக் கோபம் தவறான வாசலில் போய் நின்றது. எடுத்துவிடும்படி யாரும் கேட்கவில்லை. காது கேளாதவரும் படிக்கும்படி செய்யுங்கள் என்றுதான் கேட்டார்கள். ஒரு விரிவுரையைப் பதிவு செய்யும் வாரத்திலேயே சப்டைட்டில் போட்டால் அது அந்தப் பாடத்தின் செலவில் ஒரு சிறு பகுதி. பதினாயிரக்கணக்கில் சேர்த்துவைத்துவிட்டுப் பிறகு திரும்பிப் பார்த்தால் அது மலைக்க வைக்கும் தொகை. 2022 நவம்பரில் அதே பல்கலைக்கழகமும் அதே நீதித்துறையும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. இணையத்தில் உள்ள தன் பாடங்களையும் காணொளிகளையும் எல்லோரும் அணுகும்படி மாற்றித்தரப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. இடையில் போனவை ஐந்தரை ஆண்டுகள்.

இணையவழிக் கல்வியில் இரண்டு வகைத் தரங்கள் உண்டு. ஒரு வகை, ஓர் இடத்தில் செய்த பாடம் இன்னோர் இடத்திலும் ஓட வேண்டும் என்பதற்கானது. இயங்கிணக்கம் என்பது அதற்குப் பெயர். இன்னொரு வகை, எந்த உடலோடும் எந்தக் கருவியோடும் வருகிற மாணவருக்கும் பாடம் திறக்க வேண்டும் என்பதற்கானது. அதை அணுகல்தன்மை என்கிறார்கள். இரண்டும் பெரும்பாலும் தனித்தனி அறைகளில், தனித்தனி ஆட்களால் எழுதப்பட்டவை. இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் மாணவர்கள் இடறுகிறார்கள். பாடம் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்கிறது. மாணவரின் தேவை கூடவே போவதில்லை. இதுதான் இந்த உரை சொல்லவரும் செய்தி.

முதல் வகைத் தரம் பிறந்த இடம் பள்ளிக்கூடம் அல்ல, விமான நிறுவனம். 1980களில் விமானம் வாங்கினால் அதன் ஊழியர்களுக்கான கணினிப் பயிற்சியும் சேர்ந்து வரும். ஒரு தயாரிப்பாளரின் பயிற்சி ஒரு வகைக் கணினியில்தான் ஓடும், அடுத்தவருடையது வேறொன்றில். மூன்று தயாரிப்பாளர்களிடம் விமானம் வாங்கிய நிறுவனம் பயிற்சி அறையில் மூன்று வகைக் கணினி வைத்திருக்க வேண்டிய நிலை. இதற்கு முடிவுகட்டத்தான் 1988இல் ஏஐசிசி என்ற குழு அமைந்தது. பாடமும் அதை நடத்தும் மென்பொருளும் எந்த மொழியில் பேசிக்கொள்வது என்று 1993இல் அது வகுத்த நெறி, பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் மூதாதை. 2014 டிசம்பரில் அந்தக் குழு கலைந்தது.

அதன் வழியில் வந்ததுதான் ஸ்கார்ம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1997இல் தொடங்கிய ஏடிஎல் என்னும் முயற்சியின் பிள்ளை. 2000 ஜனவரியில் முதல் பதிப்பு, 2001 அக்டோபரில் 1.2 என்ற பதிப்பு. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அலுவலகப் பயிற்சிப் பாடங்களில் 1.2 புழங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு ஸ்கார்ம் பாடம் என்பது ஒரு ஜிப் கோப்பு. அதைத் திறந்தால் மேலேயே ஒரு பட்டியல் கோப்பு இருக்கும்; எந்தப் பக்கம் முதலில், எது அடுத்தது என்று அது சொல்லும். பாடம் ஓடத் தொடங்கியதும் தன்னை நடத்தும் தளத்தைத் தேடிப் பிடித்து, "மாணவர் வந்துவிட்டார்", "இத்தனை மதிப்பெண்", "இந்த இடத்தில் நிறுத்தினார்", "முடித்துவிட்டார்" என்று சிறு சிறு செய்திகளாகச் சொல்லும். நிறுத்திய இடத்தை நினைவில் வைக்க 1.2 பதிப்பு ஒதுக்கிய இடம் 4,096 எழுத்துகள். நீண்ட பாடங்கள் அந்த எல்லையில் முட்டி நின்றன. மாணவர் மறுநாள் வந்தால் பாடம் முதலிலிருந்து தொடங்கும். 2004 பெயர் கொண்ட பதிப்பின் நான்காம் திருத்தம் 2009இல் அந்த இடத்தை 64,000 எழுத்துகளாக விரித்தது.

இந்த இடத்தில் சற்று நிற்பது நல்லது. ஸ்கார்ம் 1.2 எழுதியவர்கள் மாணவரின் விருப்பத்தையும் நினைத்தார்கள். ஒலி எவ்வளவு இருக்க வேண்டும், எந்த மொழி, எவ்வளவு வேகம், பேச்சோடு எழுத்தும் திரையில் வர வேண்டுமா என்று நான்கு கட்டங்களை அதில் வைத்தார்கள். எழுத்து வேண்டும் என்று காது கேளாத மாணவர் ஒருமுறை சொன்னால் பாடம் அதைக் கேட்டுக்கொள்ள வழி இருந்தது. ஆனால் அந்தக் கட்டங்களைத் தளங்கள் ஆதரித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் 1.2இல் இல்லை, விரும்பினால் செய்யலாம். மதிப்பெண்ணையும் தேர்ச்சியையும் எடுத்துப்போகும் கட்டங்களோ கட்டாயம். பாடம் செய்கிறவர்கள் கட்டாயமானதைச் செய்தார்கள், மற்றதைப் பெரும்பாலும் தொடவில்லை. 2004 பதிப்பு தளங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அப்போதும் ஒரு பாடத்தில் சொன்ன விருப்பம் அடுத்த பாடத்துக்குப் போய்ச் சேரும் என்பதற்கு உறுதி கிடையாது. ஒரு தரத்தில் எது கட்டாயம், எது விருப்பம் என்று பிரிக்கும் அந்த ஒரு கோட்டில் எத்தனை பேருடைய படிப்பு அடங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இன்னோர் அறையில் இணைய அணுகல்தன்மைக்கான நெறிகள் வளர்ந்துகொண்டிருந்தன. இணையத்தின் பொது நெறிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1997இல் இதற்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. 1999 மே மாதம் டபிள்யூசிஏஜி என்ற வழிகாட்டி நெறிகளின் முதல் பதிப்பு வந்தது. 2008 டிசம்பரில் 2.0, 2018இல் 2.1, 2023 அக்டோபரில் 2.2. இரண்டாம் பதிப்பு 2012இல் சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. நான்கு தூண்களின் மேல் நிற்கிறது அது: புலன்களுக்கு எட்ட வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், எந்தக் கருவியிலும் உடையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு நெறியும் ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று படிகளில் ஒன்றில் இருக்கும். சட்டங்களும் ஒப்பந்தங்களும் பொதுவாகக் கேட்பது நடுப்படியான ஏஏ.

நெறிகள் மேகத்தில் மிதப்பவை அல்ல, அளந்து பார்க்கலாம். சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளைத் திரையில் வெளிர்சாம்பல் எழுத்து அழகாகத் தெரியலாம்; வயதான ஆசிரியருக்கும் வெயிலில் கைபேசி பார்க்கும் மாணவிக்கும் அது தெரியாது. 2025இல் வெப்எய்ம் என்ற அமைப்பு பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களை இயந்திரத்தால் சோதித்தபோது 94.8 விழுக்காட்டில் நெறி மீறல் கண்டது. அதிகமாக அகப்பட்ட குறை இந்த மங்கல் எழுத்துதான். ஐந்தில் நான்கு பக்கங்களில் இருந்தது. திருத்த எளிதான குறையும் இதுவே.

ஒரு வினாவை அருகில் வைத்துப் பார்க்கலாம். "பொருத்துக" என்பது பள்ளியில் படித்த எல்லோருக்கும் தெரிந்த வினா. இணையத்தில் அதை அழகுபடுத்தி, இடப்பக்கச் சொல்லை மவுஸால் இழுத்து வலப்பக்கக் கட்டத்தில் போடச் சொல்கிறார்கள். பார்வையற்ற மாணவர் மவுஸ் பயன்படுத்துவதில்லை. டேப் விசையை அழுத்தி ஒவ்வொன்றாக நகர்வார், திரைவாசிப்பான் அதை வாசித்துச் சொல்லும். இழுத்துப் போடும் சொல் வெறும் படமாகவோ பெயரில்லாத பெட்டியாகவோ செய்யப்பட்டிருந்தால் டேப் விசை அதைத் தாண்டிப் போய்விடும். வினா திரையில் இருக்கிறது, மாணவருக்கு அது இல்லை. விடை தெரிந்தவர் பூஜ்யம் வாங்குகிறார். கை நடுக்கம் உள்ளவருக்குச் சொல் தெரியும், கட்டமும் தெரியும்; வழியில் கை நழுவிச் சொல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். விசைப்பலகையால் எல்லாம் செய்ய முடிய வேண்டும் என்பது ஆதியிலிருந்தே உள்ள நெறி. இழுக்காமல் தொட்டே முடிக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்பது 2.2இல் புதிதாக வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு தேர்வுப் பட்டியல் வைத்தால் இரண்டு நெறியும் நிறைவேறிவிடும். அதற்குப் பெரிய நிபுணர் தேவையில்லை.

இந்த வினா எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. இன்றைக்கு ஒரு கல்லூரியின் கற்றல் தளம் ஒரே ஆள் கட்டிய வீடு கிடையாது. மூடுல் போன்ற ஒரு தளம் நடுவில் இருக்கும். ஆஸ்திரேலியாவின் தொலைதூரப் பகுதியில் வளர்ந்து, வானொலி வழியே நடந்த பள்ளியில் படித்த மார்ட்டின் டூகியாமாஸ் 2002இல் வெளியிட்ட மென்பொருள் அது. அதைச் சுற்றி, வினாத் தொகுப்பு ஒரு நிறுவனத்துடையது, காணொளி இன்னொன்று, மெய்நிகர் ஆய்வகம் மூன்றாவது, தேர்வைக் கண்காணிப்பது நான்காவது. இவற்றைத் தைத்து ஒன்றாக்குவது எல்டிஐ என்ற தரம். ஐஎம்எஸ் குளோபல் என்ற கூட்டமைப்பு, இன்றைய பெயர் ஒன்எட்டெக், 2010இல் அதை வெளியிட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் செவரன்ஸ் அதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர். அதற்கு முன்னால் ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொரு தளத்தோடும் தனித்தனியாக இணைத்தாக வேண்டும். எல்டிஐ வந்த பிறகு, மாணவர் ஓர் இணைப்பைத் தட்டினால் தளம் ஒரு கையொப்பமிட்ட செய்தியைக் கருவிக்கு அனுப்புகிறது: இவர் யார், எந்தப் பாடம், மாணவரா ஆசிரியரா, மதிப்பெண்ணை எங்கே திருப்பி அனுப்புவது. 2019இல் வந்த 1.3 பதிப்பு அந்தக் கையொப்பத்தை இன்னும் பாதுகாப்பாக்கியது. மாணவர் இன்னொரு முறை கடவுச்சொல் போட வேண்டியதில்லை. அருமையான ஏற்பாடு.

அந்த அடிப்படைச் செய்தியில் இல்லாதது ஒன்று உண்டு: இந்த மாணவருக்கு என்ன வேண்டும் என்பது. இந்தியாவில் 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, தகுதியுள்ள மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஒவ்வொரு மணி நேரத் தேர்வுக்கும் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும். காகிதத் தேர்வில் கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்து அதைக் கொடுத்துவிடுவார். இணையத் தேர்வில் கடிகாரம் மென்பொருளின் கையில். மூடுலின் சொந்த வினாடி வினாவில் ஒரு மாணவருக்கு மட்டும் நேரத்தை நீட்ட ஆசிரியருக்கு வசதி உண்டு. ஆனால் வினா வெளிநிறுவனக் கருவியில் இருந்தால் அந்த நீட்டிப்பு அங்கே தெரியாது. ஆசிரியர் அங்கேயும் தனியாகப் போய் மாற்ற வேண்டும். மறந்துவிட்டால் அறுபதாவது நிமிடத்தில் திரை மூடிக்கொள்ளும். ஐந்து பாடத்துக்கு ஐந்து கருவி என்றால் மாணவர் ஐந்து பேரிடம் தன் உடலைப் பற்றி விளக்கியாக வேண்டும். மதிப்பெண்ணை ஒரு நொடியில் கடத்தத் தெரிந்த ஏற்பாட்டுக்கு இந்த இருபது நிமிடத்தைக் கடத்தத் தெரியவில்லை என்பதை ஏற்றுக்கொள்ள முடியாது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. டொரண்டோவில் ஜூட்டா ட்ரெவிரானஸ் தலைமையிலான குழு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதை யோசித்தது. அக்சஸ்ஃபார்ஆல் என்ற அந்த யோசனை 2008இல் ஐஎஸ்ஓ தரமாகவே வந்தது. அதன் அடிப்படை, குறை மாணவரிடம் இல்லை, அவருக்குத் தேவையானதற்கும் பாடம் தருவதற்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையில் இருக்கிறது என்பது. ஒரு பக்கம் மாணவரின் தேவைப்பட்டியல்: பெரிய எழுத்து, சப்டைட்டில், சைகைமொழி, கூடுதல் நேரம். மருத்துவச் சான்றிதழின் விவரம் அதில் தேவையில்லை; என்ன வேண்டும் என்பது போதும். மறுபக்கம் பாடத்தின் விவரக்குறிப்பு: இதில் சப்டைட்டில் உண்டா, ஒலி விளக்கம் உண்டா. இரண்டையும் பொருத்திக் கொடுப்பது தளத்தின் வேலை. வினாக்களை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் க்யூடிஐ என்ற தரத்தின் மூன்றாம் பதிப்பு, 2022இல் வந்தபோது, இந்தத் தேவைப்பட்டியலைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. வினாவும் தேவையும் ஒரே வண்டியில் ஏறும் வழி இப்போது எழுத்தில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் கேட்டால்தான் விற்கிறவர்கள் அதைச் செய்வார்கள்.

யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து தொடங்கிய எட்எக்ஸ் நிறுவனம் 2015 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறையோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. தன் இணையதளத்தையும் கைபேசிச் செயலியையும் 18 மாதங்களுக்குள் டபிள்யூசிஏஜி 2.0 ஏஏ படிக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, பேராசிரியர்கள் பாடம் கட்டும் கருவியையும் அந்த உடன்பாடு விட்டுவைக்கவில்லை. படம் ஏற்றும்போதே அதற்கான விளக்கத்தைக் கேட்கும் கருவி இருந்தால் விளக்கமில்லாத படம் குறையும். அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கக் காது கேளாதோர் தேசியச் சங்கம் ஹார்வர்ட் மீதும் எம்ஐடி மீதும் சப்டைட்டிலுக்காக வழக்குப் போட்டிருந்தது. ஹார்வர்ட் 2019 நவம்பரிலும், எம்ஐடி 2020 பிப்ரவரியிலும் சமரசத்துக்கு வந்தன. உலகின் மிகப் பணக்காரப் பல்கலைக்கழகங்களில் இரண்டைச் சப்டைட்டில் போடவைக்க ஐந்தாண்டு வழக்காட வேண்டியிருந்தது.

கணக்குப் பாடத்துக்கு வந்தால் இரண்டு வகைத் தரங்களும் ஒரே வேலையில் சந்திப்பது துலக்கமாகிறது. ஒன்றின் கீழ் எக்ஸ், கூட்டல் ஒன்று. இதைக் காதால் கேட்கிறவருக்கு ஐயம்: கூட்டல் ஒன்று பின்னத்துக்கு வெளியே நிற்கிறதா, கீழே எக்ஸோடு சேர்ந்ததா? எக்ஸ் ஒன்று என்றால் முதலாவதின் விடை இரண்டு, மற்றதின் விடை அரை. பெரும்பாலான பாடங்களில் சமன்பாடு ஒரு படமாக ஒட்டப்பட்டிருக்கும்; திரைவாசிப்பான் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். புனேயில் பிறந்து, பதினான்கு வயதில் பார்வையிழந்து, மும்பை ஐஐடியில் படித்த டி. வி. ராமன் 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்தது இதற்கான விடையைத்தான். தன் வழிகாட்டி நாயின் பெயரான ஆஸ்டர் என்பதையே அந்த மென்பொருளுக்கும் வைத்தார். அடுக்குக்குறி வந்தால் குரல் மேலேறும், கீழ்க்குறிக்குத் தாழும்; கேட்கிறவர் சமன்பாட்டின் உருவத்தைக் காதால் பிடிப்பார். அவரால் அது முடிந்ததற்குக் காரணம், சமன்பாடு படமாக இல்லாமல் அதன் கட்டமைப்பு எழுத்தில் இருந்தது. இணையத்துக்கு அந்தக் கட்டமைப்பை எழுதும் மேத்எம்எல் 1998 ஏப்ரலிலேயே டபிள்யூ3சியின் ஒப்புதல் பெற்றுவிட்டது. உலகம் அதிகம் பயன்படுத்தும் குரோம் உலாவி அதை நிலையாக ஏற்க 2023 ஜனவரி ஆயிற்று. மேத்எம்எல்லில் எழுதிய சமன்பாடு ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குச் சிதையாமல் போகும், பெரிதாக்கினால் மங்காது, தேடினால் கிடைக்கும், காதுக்கும் எட்டும். ஒரே வேலைக்கு நான்கு பலன்.

தமிழுக்கு இந்தக் கதை நெருக்கமானது. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்துவைத்தன. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பெருவழக்காக இருந்த பாமினி எழுத்துருவில் தமிழ் என்று தட்ட வேண்டுமானால் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி. திரையில் தமிழ் என்றே தெரியும். கோப்புக்குள் இருப்பதோ அந்த நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். அந்தக் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிப் பாடத் தளத்தில் ஏற்றினால் பார்க்கிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது. பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் "ஜே கே பி ஓ" என்று அடுக்கிக்கொண்டே போகும். ஒரு பக்கம் முழுக்க அப்படி. தமிழ்நாட்டு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் வேறு எழுத்துருக்கள், அதே சிக்கல். யூனிகோடு 1991லேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற முறையையும் தரமாக அறிவித்து 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஆணை போட்டது. ஆணைக்கு முந்தைய பாடங்களும் வினாத்தாள்களும் அந்தப் பழைய எழுத்துருக்களிலேயே இன்னும் பல இடங்களில் தங்கிவிட்டன. அவற்றை மாற்றித்தரும் நிரல்கள் உண்டு. உட்கார்ந்து மாற்ற ஆள் தேவை. அது நம் வேலை, வேறெவரும் செய்யப்போவதில்லை.

யூனிகோடில் எழுதியதும் போதாது. பக்கம் தமிழில் இருக்கிறது என்று அந்தப் பக்கத்தின் நிரலிலேயே ஒரு சிறு குறிப்புப் போட வேண்டும். கண்ணுக்கு அது தெரியாது. பார்வையற்ற ஆஸ்திரேலியர்களான மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேவும் உருவாக்கிய, இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான், அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் குரலை மாற்றுகிறது. குறிப்பு இல்லையென்றால் ஆங்கிலக் குரலே தமிழ்ப் பக்கத்தோடு மல்லுக்கட்டும், அல்லது வாயடைத்துத் தாண்டிப் போகும். பக்கத்தின் மொழியைச் சொல்வது டபிள்யூசிஏஜியில் ஆரம்பப் படி. ஆங்கிலமும் தமிழும் கலந்த நம் பாடங்களில், மொழி மாறும் இடத்திலும் அதைச் சொல்ல வேண்டும் என்பது ஏஏ படி.

இந்தியச் சட்டம் இப்போது மாணவர் பக்கம் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. ஐரோப்பியத் தரத்தை ஒட்டி இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 17802 என்ற தரத்தை 2021, 2022 ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக வெளியிட்டது. ஆனால் அணுகல்தன்மை குறித்து அந்தச் சட்டத்தின்கீழ் வந்த விதி அறிவுரை போலவே இருந்தது. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, மீற முடியாத விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு ஆணையிட்டது. அடுத்து, 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் நீதிபதிகள் ஜே. பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, இணைய அணுகலை உயிர்வாழும் உரிமையின் பகுதியாகவே கண்டது. அமில வீச்சால் கண்ணிமைகள் சிதைந்த பெண்ணிடம் வங்கிக் கணக்குத் தொடங்கக் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள் என்பது அந்த வழக்கின் தொடக்கம். இணையத் தேர்வுக் கண்காணிப்பு மென்பொருள்களும் முகத்தைப் பார்த்து, பார்வை எங்கே போகிறது என்று அளந்து, மாணவர் மேல் ஐயக்குறி போடுகின்றன. வங்கிக்குச் சொன்ன தீர்ப்பைக் கல்விக்கூடங்களும் படிக்க வேண்டும். ஸ்வயம், தீக்‌ஷா போன்ற அரசுத் தளங்கள் கோடிக்கணக்கான பிள்ளைகளைத் தொடுகின்றன. அங்கே ஒரு நெறி சரியாக விழுந்தால் தனியார் தளங்களும் பின்னால் வரும்.

இனி வாங்கும் இடத்துக்கு வரலாம். ஒரு கல்லூரியோ பள்ளிக் கல்வித் துறையோ கற்றல் தளத்துக்கு டெண்டர் விடும்போது "அணுகல்தன்மைத் தரங்களுக்கு இணங்க" என்று ஒரு வரி போடுகிறார்கள். விற்கிற நிறுவனம் தானே நிரப்பிய ஓர் அறிக்கையைக் கொடுக்கும். அந்த அறிக்கை எந்தப் பதிப்புக்கு, எந்த ஆண்டு, சோதித்தவர் யார் என்று கேட்க வேண்டும். நடுத்தளத்துக்கு மட்டும் கேட்டால் பயனில்லை. எல்டிஐ வழியாக ஒட்டப்போகும் ஒவ்வொரு கருவிக்கும் தனியாகக் கேட்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் பாடங்களும் வினாக்களும் பொதுத் தரத்தில், சப்டைட்டிலும் பட விளக்கமும் உதிராமல், வெளியே எடுக்க முடியுமா என்று செய்துகாட்டச் சொல்ல வேண்டும். ஏற்றுமதியில் பாடம் வந்து சப்டைட்டில் கோப்பு பின்தங்கிவிடுவது வழக்கமான விபத்து.

சோதனைக்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். கணினியிலிருந்து மவுஸைக் கழற்றிவிட்டு உள்நுழைவிலிருந்து விடை சமர்ப்பிக்கும் வரை போய்ப் பார்க்கலாம். மாதிரித் தமிழ்ப் பிடிஎஃபிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்கலாம். தமிழாக வந்தால் சரி. பிறகு, திரைவாசிப்பான் பயன்படுத்தும் மாணவர் ஒருவரையும் காது கேளாத மாணவர் ஒருவரையும் ஊதியம் கொடுத்து அழைத்து, வெளிநிறுவனக் கருவியில் கூடுதல் நேரத்தோடு ஒரு முழுத் தேர்வு எழுதச் சொல்ல வேண்டும். விற்பனையாளரின் ஆட்கள் பக்கத்தில் நின்று கைகாட்டக் கூடாது. கடைசித் தவணைப் பணத்தை, அந்த இரண்டு பேரும் விடைத்தாளைச் சமர்ப்பித்து, அவர்களுடைய மதிப்பெண் ஆசிரியரின் பக்கத்தில் ஏறியிருப்பதைத் தேர்வுப் பொறுப்பாளர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே விடுவிப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.